தட்டிப் பார்த்தால் தெரியும்



சந்தையில் மண்பானை வாங்குகிறோம். விரலால் சுண்டிப் பார்க்கிறோம். 'கணீர்' என்று கேட்டால் நல்ல பானை. 'பொத்' என்று கேட்டால் எங்கோ விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது.

இதே அறிவு சுரங்கத் தொழிலாளர்களின் உயிரைக் காத்தது. கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயலின் கதை இது.

அங்கே 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி வேலையைத் தொடங்கியது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்கள் பிழைப்புத் தேடிச் சென்றார்கள். சாம்பியன் ரீஃப் என்ற சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் வரை போனது.

சுரங்கத்துக்குள் ஒரே இருட்டு. விளக்கு வெளிச்சத்தில் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். எந்தக் கல் உறுதியானது? எந்தக் கல் தலையில் விழும்?

வேலை தொடங்கும் முன் இரும்புக் கம்பியால் மேலே உள்ள பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது. பொத்தென்று ஒலித்தால் கல் பிரிந்து நிற்கிறது. ஓரமாக நின்றுகொண்டு அந்தக் கல்லை நெம்பித் தள்ளிவிடுவார்கள். பிறகுதான் வேலை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கல்லின் ஓசையைப் படித்தார்கள்.

ஆனால், காதுக்கும் ஓர் எல்லை உண்டு. பாறையை வெட்டி எடுக்க எடுக்க, மிச்சமுள்ள பாறை மீது பாரம் கூடும். பாரம் தாங்காமல் அது திடீரென்று வெடித்துச் சிதறும். பலர் இதில் உயிரிழந்தார்கள். இதைத் தட்டிப் பார்த்து அறிய முடியாது. கணீரென்று ஒலிக்கும் கெட்டியான பாறையே இப்படி வெடிக்கும்.

அப்போது மேலே வீடுகளும் அதிரும். பாத்திரங்கள் குலுங்கும். ஆனால் எந்த இடத்தில், யாருக்கு என்ன ஆயிற்று என்று அந்தச் சத்தம் சொல்லாது. செய்தி வரும் வரை குடும்பம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, காதுக்குத் துணையாகக் கருவிகள் வந்தன. காதுக்கு எட்டாத அதிர்வையும் அவை பதிவு செய்தன. அதிர்வு எங்கே தோன்றியது என்று கணக்கிட உதவின. பாறைகளை ஆராய்வதற்காக 1988-இல் தங்கவயலில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது.

2001-ஆம் ஆண்டு தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அந்தத் தொழிலாளர்களின் பாடம் நமக்கும் பயன்படும். உங்கள் வீட்டுக் கூரையின் சிமெண்டுப் பூச்சை ஒரு நீளக் குச்சியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் பூச்சு விட்டிருக்கிறது. அதன் கீழே குழந்தையைப் படுக்க வைக்காதீர்கள். கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். கணீரென்று கேட்டாலும், விரிசலோ நீர்க்கசிவோ தெரிந்தால் அப்போதும் காட்டுங்கள்.

ஓசையைக் கேட்டு எச்சரிக்கையாக இருப்போம். தீர விசாரித்து உண்மையை அறிவோம்.