மின்வலிப்புச் சிகிச்சையும் வைத்திய மாணவரும்



மின்வலிப்புச் சிகிச்சையைப் பற்றி வைத்தியம் பயிலும் மாணவர் அறிந்திருப்பது என்ன, அதனைக் குறித்து அவர்கள் எண்ணுவது என்ன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஊரார் இதனைக் 'கரண்ட் பிடித்தல்' என்பர். பெயரைக் கேட்ட மாத்திரத்தே நடுங்குவோர் பலர். அவருள் வைத்திய மாணவரும் உளர் என்பதை மறைப்பானேன்?

மாணவன் இதனை நூலிற் கற்குமுன்னரே சினிமாவிற் கற்றுவிடுகிறான். ஜாக் நிக்கல்சன் நடித்து 1975 இல் வெளிவந்த அமெரிக்கப் படத்திலே, விழித்திருக்கும் ஒருவனைப் பலர் அழுத்திப் பிடிக்க, மயக்கமருந்தின்றி, தண்டனைபோல மின்சாரம் பாய்ச்சப்படுகிறது. அக்காட்சி முழுப்பொய்யன்று. 1938 இல் ரோமாபுரியிலே செர்லெற்றியும் பினியும் இதனைத் தொடங்கியபோது மயக்கமருந்து இல்லை. வலிப்பின் வேகத்தால் முள்ளந்தண்டு எலும்பு முறிந்தோரும் அக்காலத்தில் இருந்தனர். 1950களில் தசைதளர்த்தும் மருந்து வந்தபின் முறை மாறலாயிற்று. மயக்கமருந்தும் தசைதளர்த்தியுமின்றிச் செய்வதை இந்தியா 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்தது.

முறைப்படி செய்யுமிடத்து நோயாளி மயக்கத்தில் ஆழ்கிறார். சக்சமித்தோனியம் தசைகளைத் தளர்த்துகிறது. பிராணவாயு கொடுத்து, பற்களுக்கிடையே காப்பு வைத்துச் சில விநாடி மின்சாரம் செலுத்துவர். மூளையிலே வலிப்பு நிகழ, வெளியே காண்பது பெரும்பாலும் கால்விரல்களின் துடிப்பே. “இவ்வளவுதானா?” என்கிறான் பார்க்க வந்த மாணவன். பல விரிவுரைகள் மாற்றாத மனத்தை இந்த ஒரு காலைப்பொழுது மாற்றிவிடுவதுண்டு.

நல்லதுதான். கடும் மனச்சோர்வால் உணவும் நீரும் மறுத்துக் கிடப்போரையும், பேச்சும் அசைவுமற்று மரம்போலிருப்போரையும் இச்சிகிச்சை மீட்டிருக்கிறது. மனச்சோர்வுக்குக் குறுகிய காலத்தில் மருந்துகளினும் இது வலியதென்று 2003 இல் லான்செற் சஞ்சிகையில் வந்த ஆய்வுத்தொகுப்புக் காட்டிற்று. ஆனால் அச்சம் நீங்கிய மாணவன் அடுத்த கோடிக்கு ஓடிவிடுகிறான் என்பதே நமது கவலை. “மறதியா? எல்லாம் திரும்பிவிடும்” என்று சொல்லப் பழகிவிடுகிறான். புதியன கற்கும் ஆற்றல் பொதுவாகச் சில வாரங்களில் மீள்கிறது. சிகிச்சைக்கு முந்திய மாதங்களின் நினைவுகளிற் சில, சிலருக்கு, மீள்வதேயில்லை. மருந்து தொடர்ந்தும் ஏறக்குறைய அரைவாசிப்பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்புகிறது. பரீட்சைக்கு மின்னளவை மனனஞ் செய்பவன் இவ்விரண்டையும் அறிந்திருத்தல் அருமை.

நாளை இவனே உள்ளகப் பயிற்சி வைத்தியன். மூன்று நாளாக ஒரு மிடறு தண்ணீரும் இறங்காத மகளின் கட்டிலருகே நிற்கும் தாயிடம் சம்மதப் பத்திரத்தை நீட்டப்போகிறவன் இவன். “தம்பி, உங்கடை தங்கச்சியெண்டால் செய்விப்பீங்களோ?” என்று அவள் கேட்பாள். இவன் முகஞ் சுளித்தால் மகளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள். மறதியைச் சொல்லாது மறைத்தால், தன் வாழ்வின் சில மாதங்களைத் தேடும் அம்மகள் பின்னர் எந்த வைத்தியனையும் நம்பாள்.

ஆகவே நாம் கேட்பது சிறிது. ஒரு காலைப்பொழுது மட்டும் காட்டி மாணவனை அனுப்பிவிடாது, சம்மதம் பெறும் நாள்முதல் சிகிச்சை முடிந்து ஒரு மாதம்வரை ஒரே நோயாளியோடு அவனை இருக்கவிடுக. எது நினைவில் நிற்கிறது, எது போயிற்று என்பதை அந்நோயாளியின் வாயாற் கேட்டு அவன் எழுதி வரட்டும்.