புரோக்கர் யாருடைய ஆள்?

(ஏற்காட்டில் நடந்த இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்திருக்கிறோம். வழியில் 'வில்லா விற்பனைக்கு' பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கிற புரோக்கரைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சேலத்தில் நான் வீடு தேடியபோது, புரோக்கர் முதலில் பட்ஜெட்டைக் கேட்கவில்லை. "சொந்த ஊர் எது சார்? ஊர்ல எந்தத் தெரு?" என்றார். சொன்னேன். மறுநாள், "ஓனர் மனசு மாறிட்டார்" என்றார். மூன்று மாதம் கழித்தும் அந்த வீடு பூட்டியேதான் கிடந்தது.

ஓனர் என்னைப் பார்க்கவே இல்லை. சாதி என்ற சொல்லை யாருமே உச்சரிக்கவில்லை. ஓனர் வாய் திறக்காமலேயே வடிகட்டித் தருவதும் புரோக்கரின் வேலையாகிவிட்டது. இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற அவர், ஒரு பக்கத்துக்கு மட்டும் விசுவாசமாக இருக்கிறார். ஒரு சமூகத்தார் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற வீட்டுவசதிச் சங்க விதி செல்லும் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொன்ன நாடு இது.

மலை மேலே வேறு கதை. சேர்வராயன் மலையின் பழங்குடிகள் மலையாளி மக்கள். அவர்களிடம் வரும் புரோக்கர் தெருவைக் கேட்பதில்லை. அவசரச் செலவு என்ன என்று கேட்கிறார். கையில் கொஞ்சம் அட்வான்ஸ், ஒரு பவர் பத்திரம். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று ஓர் இடமும் அறிவிக்கப்படவில்லை. அந்தப் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லை.

கீழே கதவைச் சாத்துவதற்குச் சாதி. மேலே நிலத்தை மலிவாக வாங்குவதற்கும் சாதி.

ஆகவே தோழர்களே, வாங்கப் போகும்போது நாம்தான் கேள்வி கேட்க வேண்டும். 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் மனை, வீடு விற்றுத்தரும் முகவரும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பவர் பத்திரம் மட்டும் உரிமை தராது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, அ-பதிவேடு மூன்றையும் பாருங்கள். 1892 அரசாணையின்படி வழங்கப்பட்ட பஞ்சமி நிலமா, பழங்குடி நிலமா, நிபந்தனைப் பட்டாவா என்று விசாரியுங்கள்.

ஆம் என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வீடு மறுக்கப்பட்ட வலி தெரிந்த நாம், இன்னொருவரின் நிலத்தில் வீடு கட்டக் கூடாது.