பிறர் இட்ட பெயர்

பரங்கிக்காய்க்கு அப்பெயர் எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அக்காயை ஐரோப்பியர் கொண்டு வந்தனர். ஐரோப்பியரை நம் முன்னோர் பரங்கியர் என்றனர். அரபு, பாரசீகம் வழியாக வந்த இச்சொல்லுக்கு வேர், ‘பிராங்க்’ என்னும் பழைய ஜெர்மானியக் குலத்தின் பெயராகும். பிரான்சு நாட்டின் பெயரும் அதிலிருந்தே பிறந்தது. அத்தகைய குலப்பெயர்களைப் பற்றி இன்று காண்போம்.

ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவின் ரைன் ஆற்றுக்கு அப்பால் பல குலங்கள் வாழ்ந்தன. இலத்தீன் பேசிய ரோமானியர், அவர்கள் அனைவரையும் ‘ஜெர்மானி’ என்றனர். முதலில் ஆற்றைக் கடந்து வந்த ஒரு குலத்தின் பெயரே பின்னர் எல்லாருக்கும் பெயராயிற்று என்று, கி.பி. 98இல் நூல் எழுதிய டாசிட்டஸ் என்னும் ரோமானிய அறிஞர் கூறுகிறார்.

அக்குலங்களின் சொந்தப் பெயர்களையும் ரோமானியர் தம் நாவுக்கேற்ப மாற்றி எழுதினர். ‘லாங்கோபார்டி’ என்றால் நீண்ட தாடிக்காரர். ‘மார்கோமானி’ என்றால் எல்லைப்புற மக்கள். ‘அலமானி’ என்றால் எல்லா மனிதரும். அதாவது, பலர் ஒன்று சேர்ந்த கூட்டம். ‘ஆங்கிலி’ என்ற குலப்பெயரிலிருந்தே இங்கிலாந்து, ஆங்கிலம் என்னும் பெயர்கள் வந்தன.

‘வாண்டல்’ குலத்தாரின் கதை வேறு. 455இல் அவர்கள் ரோம் நகரைக் கொள்ளையிட்டது உண்மை. 410இல் விசிகோத் என்னும் மற்றொரு குலத்தாரும் அந்நகரைச் சூறையாடினர். ஆயினும் பழி வாண்டல்கள் பெயரிலேயே நிலைத்தது. அவர்கள் அரசு 534இல் அழிந்தது. 1,200 ஆண்டுகளுக்குப் பின், 1794இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கலைச்சின்னங்களை உடைப்பதைக் கண்டித்த கிரெகுவார் என்னும் பாதிரியார், அச்செயலுக்கு ‘வாண்டலிசம்’ என்று பெயரிட்டார். மலாய் மொழியிலும் அது ‘வண்டலிஸ்மே’ என வழங்குகிறது. பேருந்து நிறுத்தத்தை யாரோ உடைத்தால், என்றோ மறைந்த மக்களின் பெயர் அடிபடுகிறது! தங்கள் வரலாற்றை அவர்களே எழுதிய நூல் எதுவும் நமக்குக் கிட்டவில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியதே நிலைத்தது.

ஜெர்மானியர் தம்மை ‘டாய்ட்ச்’ என்கின்றனர். ‘மக்களுக்குரிய’ என்பதே அதன் மூலப்பொருள்.

பெற்றோர்களே, பிள்ளைகளே! பிறர் சூட்டும் பெயர் ஆயிரம் ஆண்டுகளும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, ஒருவருக்குப் பட்டப்பெயர் வைக்குமுன் சற்றே சிந்திப்போம். அவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று கேட்போம். நம் கதையை நாமே எழுதிவைக்கவும் கற்போம்.