நூலகமும் மாணவரும்



மரச்சிற்பத்திற்குப் புவிசார் குறியீடு பெற்ற அரும்பாவூரில், உளி ஒரே நாளில் எவர்க்கும் வசப்படுவதில்லை. நாள்தோறும் பழகியே வசப்படும். வாசிப்பும் அத்தகையதே.

1855-இல் பிறந்த உ.வே.சாமிநாதையர், தம் பதின்பருவத்தில் பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகையைப் பாடங் கேட்டார். அந்நூலை அருளியவர் சமண முனிவராகிய அமிதசாகரர். ஏடு கிடைத்தலே அரிதாயிருந்த காலம் அது. பின்னர்க் குடந்தைச் சமணர்கள் பொருள் விளக்கித் துணைநிற்க, 1887-இல் ஐயர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். இளமையில் ஊன்றிய வாசிப்பு ஒரு பெருங்காப்பியத்தையே தமிழர்க்கு மீட்டளித்தது.

இன்றோ நூல்கள் உயர்நிலைப் பள்ளிக்குள்ளேயே உள்ளன. பொதுத்தேர்வைக் காரணங் காட்டி அலமாரி பூட்டப்படுமாயின், ஏடற்ற அக்காலத்திற்கும் இக்காலத்திற்கும் வேறுபாடு யாது? மாணவர்களே, நூலகப் பாடவேளையைக் கேட்டுப் பெறுங்கள். வாரம் ஒரு நூலை எடுத்து, படித்ததைக் குறித்து ஐந்து வரி எழுதுங்கள். பெற்றோர், மதிப்பெண்ணைக் கேட்குமுன், இவ்வாரம் படித்த நூல் யாதென வினவுதல் வேண்டும்.

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. பள்ளி நூலகத்திற்கு நூல் அளித்தலும் அவ்வறத்தின்பாற்பட்டதே. அளித்த நூல் பூட்டிக் கிடவாது, ஓர் இளையவர் கையில் விரியும்போதே அத்தானம் நிறைவுறும்.