மனநல ஆலோசனை: நம்மிடம் கேட்கப்படும் கேள்விகள்



"ஓதிப் பார்த்தோம், இனி டாக்டரிடம் போனால் ஈமான் குறைவா?" இல்லை. மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். துஆவும் தொடரட்டும், சிகிச்சையும் நடக்கட்டும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி காப்பகத் தீயில் 28 பேர் மவுத்தானார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்ப முடியவில்லை. அதை மறக்கலாமா?

"வெளியே தெரிந்தால் பெண்ணின் நிக்காஹ் தடைபடுமே?" சிகிச்சை விவரத்தை இரகசியமாக வைக்க 2017 மனநலச் சட்டம் உரிமை தருகிறது.

"யாரிடம் போவது?" படிப்பையும் பதிவையும் கேளுங்கள். பெண் ஆலோசகரையும் கேட்கலாம். ஒத்துவராவிட்டால் ஆலோசகரை மாற்றுங்கள்; சிகிச்சையை விடாதீர்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. முதலில் பேசிப் பார்க்க, 14416 இலவச எண்.

அல்லாஹ் ஷிஃபா தருவானாக, ஆமீன்.