மூடிய கண்கள்

பிழைப்பை நாடி மொழியறியா ஊர்களில் குடியேறிய நமக்கு, அலிப்பியஸ் என்பவரின் வரலாறு அயலார் கதையாகத் தோன்றாது. வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் பிறந்த அவர், நான்காம் நூற்றாண்டில் சட்டம் பயில ரோமாபுரிக்குச் சென்றார். அங்கு நிகழ்ந்ததை, அவருடைய ஊரினரும் உயிர்த்தோழருமான புனித அகுஸ்தீனார், தம் வாழ்வைக் கடவுளிடம் அறிக்கையிடும் நூலின் ஆறாம் பகுதியில் எழுதியிருக்கிறார்.

வாளேந்திய மனிதர் ஒருவரையொருவர் வெட்டி மாய்வதைக் கூடியிருந்து களிப்பது அந்நகரத்தாரின் பொழுதுபோக்கு. அலிப்பியசுக்கோ அது அருவருப்பு. ஒருநாள் பகலுணவு முடித்துத் திரும்பிய உடன்மாணவர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். உடலைத்தான் அவர்கள் இழுக்கலாம், உள்ளத்தையன்று என்று சொல்லிக் கண்களை இறுக மூடி அமர்ந்தார். களத்தில் ஒருவன் வீழ்ந்தான், அரங்கமே ஆர்ப்பரித்தது. எதைக் கண்டாலும் வென்றுவிடலாம் என்ற துணிவில் கண் திறந்தார். குருதியைக் கண்டவர் முகத்தைத் திருப்பவில்லை. பிறகு, தம்மை இழுத்துவந்தவர்களுக்கு முன்னே தாமே சென்றார். பிறரையும் அழைத்துச் சென்றார். காதையும் மூடியிருக்கலாகாதா என்று அகுஸ்தீனார் இரங்குகிறார். எனினும் இறைவனைச் சார்ந்திருக்க வேண்டியவர் தம்மையே சார்ந்திருந்தார் என்பதே அவர் காணும் குறை.

இவர் மனவலிமையற்றவரும் அல்லர். அதே நகரில் நீதித்துறையில் துணையதிகாரியாயிருந்தபோது, செல்வாக்கு மிக்க செனட்டர் ஒருவர் நீட்டிய கையூட்டை இகழ்ந்து ஒதுக்கியவர்; அச்சுறுத்தலுக்கும் அஞ்சாதவர். பொன்னுக்கு மயங்காதவரைக் கூட்டத்தின் கூச்சல் வீழ்த்திவிட்டது.

ஊரில் நம்மைப் பாட்டியின் கண் பார்த்தது, கடைக்காரரின் கண் பார்த்தது, உபதேசியாரின் கண்ணும் பார்த்தது. நம் ஒழுக்கம் என்று நாம் எண்ணியிருந்ததில் எவ்வளவு அக்கண்களின் காவல் என்பது, சம்பள நாளன்று விடுதித் தோழர் கதவைத் தட்டும்போதுதான் தெரிகிறது. ‘ஒருநாள்தானே, நம்மை நாம் அறியோமா?’ என்னும் சொல் அப்போது நாவில் எழுகிறது. அலிப்பியஸ் சொன்னதும் ஏறக்குறைய அதுவே.

அப்படியாயின் முயற்சியே வேண்டாவோ என்று கேட்கலாம். அக்காலத்தில் பெலாஜியஸ் என்னும் துறவி மனித முயற்சியின் ஆற்றலையே பெரிதும் வலியுறுத்தினார். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர் மன்றம் அவர் கொள்கையை மறுத்தது. அகுஸ்தீனாரும் முயற்சியை விலக்கவில்லை. முயலும் விருப்பமே அருளால் பிறப்பது என்றார். அவ்வருளை வேண்டுபவன் அழைப்பு வருமுன்பே வேண்டுகிறான். அரங்கின் வாயில்வரை நடந்து சென்று தன் வலிமையை அளந்து பார்ப்பதில்லை.

அலிப்பியசை அந்த ஆசை நெடுங்காலம் கழித்தே விட்டது. 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளையொட்டி மிலான் நகரில் நண்பர் இருவரும் ஒன்றாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆண்டவர் கற்பித்த செபத்தில் சோதனை பற்றிய விண்ணப்பமும் ‘எங்களை’ என்று பன்மையில்தான் அமைந்திருக்கிறது. அயலூரில் பூட்டிய அறைக்குள் தனியே முழந்தாளிடும்போதும் நாம் அதை அப்படியே சொல்கிறோம்.