ஒரு போன், இரண்டு பிள்ளைகள்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் குழுக் கணக்கர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனையும் கம்ப்யூட்டரையும் வைத்து எப்படிப் படிக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். நான் டீச்சர் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, குழுவில் கணக்கு எழுதுகிறவள். "ஒரு வாத்தியாரைக் கூப்பிடுங்க அக்கா, எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். செயலாளர் அக்கா, "உன் வீட்ல நடந்ததைச் சொல்லு, அது போதும்"னு சொல்லிட்டாங்க. சொல்கிறேன். அதில் என் தப்பும் இருக்கிறது. வரவை மட்டும் எழுதி செலவை மறைச்சா அது கணக்கு ஆகாது இல்லையா?

2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். ஜூன் பிறந்ததும் பாடம் எல்லாம் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். அப்போது எங்கள் வீட்டில் இருந்தது பட்டன் போன். பெரியவன் பத்தாம் வகுப்பு. சின்னவள் எட்டாம் வகுப்பு. உங்களுக்கும் நினைவு இருக்கும், அந்த வருஷம் குழுவில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடன் கேட்டவர்களை விட போனுக்குக் கேட்டவர்கள்தான் அதிகம். நானும் உள்கடன் ஒன்பதாயிரம் எடுத்து ஒரு டச் போன் வாங்கினேன். பத்துத் தவணை. நூறு நாள் வேலைக் காசில் கட்டினேன்.

போன் வீட்டுக்கு வந்த அன்றைக்கே அது பெரியவன் கைக்குப் போய்விட்டது. நான்தான் கொடுத்தேன். "அவனுக்குப் பப்ளிக் பரீட்சை. நீ எட்டாவதுதானே, டிவியில பாரு"னு சின்னவளிடம் சொன்னேன். அரசாங்கம் 2019-லேயே கல்வித் தொலைக்காட்சி ஆரம்பித்திருந்தது. அதில் நல்ல ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். ஆனால் டிவிக்கு ஒரு நேரம் இருக்கிறது. அவள் பாடம் வருகிற நேரத்தில் கரண்ட் இருக்க வேண்டும், அவளுக்கு வேலையும் இருக்கக் கூடாது. தண்ணீர் எடுப்பது, பாத்திரம் தேய்ப்பது, அப்பத்தாவுக்குக் கஞ்சி வைப்பது எல்லாம் அவள் தலையில்தான். புரியவில்லை என்றால் டிவியிடம் திருப்பிக் கேட்கவும் முடியாது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் அண்ணன் தூங்கின பிறகு போன் அவளுக்குக் கிடைக்கும். அப்போது சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தால் அன்றைய நெட் தீர்ந்திருக்கும். பெரியவன் பகல் முழுக்கப் பாடம் பார்த்தானா என்றால், கொஞ்ச நேரம் பார்த்தான், மிச்ச நேரம் கேம் விளையாடினான். எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. தலையைக் குனிஞ்சு போனைப் பார்த்தா படிக்கிறான்னு நெனைச்சேன்.

கடைசியில் என்ன ஆச்சு? எந்தப் பரீட்சைக்காக அவனிடம் போனைக் கொடுத்தேனோ, அந்தப் பத்தாம் வகுப்புப் பரீட்சையே அந்த வருஷம் நடக்கவில்லை. எல்லோரும் ஆல் பாஸ்.

2021 செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். சின்னவள் ஒன்பதாவதில் போய் உட்கார்ந்தாள். ஒரு மாசம்தான் போனாள். ஒருநாள் சாயங்காலம் பையைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, "நான் படிக்கலம்மா. பக்கத்துத் தெரு அக்காகூட திருப்பூர் கம்பெனிக்குப் போறேன்" என்றாள். ஏன் ஆத்தா என்று கேட்டேன். "கணக்கு டீச்சர் போர்டுல எழுதுறது ஒண்ணும் புரியல. எட்டாவதுல படிச்சிருப்பீங்கனு சொல்றாங்க. நான் எங்கம்மா எட்டாவது படிச்சேன்? நீ ஒருநாளாவது, இந்தாத்தா போனு, நீ படினு சொன்னியா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் இல்லை. பத்துத் தவணை கட்டினது நான். அந்த வீட்டில் யாருக்கு அந்தப் போன் என்று முடிவு பண்ணினதும் நான். அவள் அப்பா இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழியை அவர் மேல் போடக்கூட எனக்கு வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-லும் 92-லும் அறிவொளி இயக்கம் நடந்தது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், கூடவே பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவரும் ஒரு பெண், ஷீலா ராணி சுங்கத் அம்மா. என் அம்மா அப்போதுதான் சைக்கிள் ஓட்டப் பழகினார். நான் சின்னப் பிள்ளை. பொட்டலில் விழுந்து எழுந்து முழங்கால் தேய்ந்து வருவார். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு?" என்று ஊரே சிரித்தது. ஆனால் ஓட்டப் பழகின பிறகு தண்ணிக் குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார், என்னைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டார்.

சைக்கிள் ஆம்பளைச் சாமான் என்று ஊர் சொன்னபோது என் அம்மா கேட்கவில்லை. அந்த அம்மாவுக்குப் பிறந்த நான், முப்பது வருஷம் கழித்து, போன் மகனுடைய சாமான் என்று யாரும் சொல்லாமலே நினைத்துக்கொண்டேன். அதுதான் என் தப்பு.

மறுநாள் சின்னவளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கணக்கு டீச்சர் திட்டவில்லை. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து, பாடத்தின் பக்கத்தில் ஒரு சதுரத்தைக் காட்டினார். புள்ளி புள்ளியாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கும், கியூஆர் கோடு என்று பேர். 2018-ல் புதுப் பாடப்புத்தகம் வர ஆரம்பித்ததிலிருந்து அது இருக்கிறது. கடையில் காசு அனுப்ப ஸ்கேன் பண்ணுகிறோமே, அதே மாதிரிதான். திக்ஷா என்கிற ஆப்பைத் திறந்து அந்தச் சதுரத்தைக் காட்டினால், அந்தப் பாடத்துக்கான வீடியோவும் பயிற்சிகளும் தமிழில் வரும். ஆப்புக்குக் காசு கிடையாது, நெட் இருந்தால் போதும். மூணு வருஷமாக அந்தச் சதுரம் போட்ட புத்தகங்கள் எங்கள் வீட்டில் கிடந்தன. அந்தச் சதுரம் எதற்கு என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டரை வரை போன் சின்னவளுக்கு. அடுப்படி வாசலில் நான் இருக்க, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். புரியாத இடத்தில் நிறுத்துவாள், பின்னால் தள்ளுவாள், திரும்பக் கேட்பாள். இயற்கணிதத்தில் ஒரே கணக்கை ஏழெட்டுத் தடவை கேட்டாள். அப்போதுதான் இந்தப் போனின் உண்மையான அருமை எனக்குப் புரிந்தது. வாத்தியாரிடம் இரண்டாவது தடவை கேட்கவே நம்ம பிள்ளைகள் கூச்சப்படும். போனிடம் பத்துத் தடவை கேட்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். எட்டாவது பாடத்தையும் ஒன்பதாவது பாடத்தையும் சேர்த்தே அந்த வருஷம் படித்தாள். அந்தச் சமயம்தான் இல்லம் தேடிக் கல்வியும் ஆரம்பித்தது. நம்ம குழுப் பெண்களே தன்னார்வலர்களாகச் சாயங்காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் ஒரு தங்கச்சி சின்னவளுக்கும் சந்தேகம் தீர்த்து வைத்தாள்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். போன் கொடுத்தால் மட்டும் பிள்ளை படித்துவிடாது. நான் பார்த்த வரையில் பிள்ளைகள் மூணு விதமாகப் போனைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒன்று, புரியாததைப் புரிந்துகொள்ள. இது படிப்பு.

இரண்டு, விடையைக் காப்பி அடிக்க. கணக்கைப் போட்டோ எடுத்தால் போதும், வழிமுறையோடு விடை வந்துவிடுகிறது. கட்டுரை எழுது என்றால் ஏ.ஐ. ஒரு நிமிஷத்தில் எழுதித் தருகிறது. நோட்டு பார்க்க அழகாக இருக்கும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. வங்கிக் கணக்கைப் பார்க்காமல், யாரோ சொன்ன மிச்சத்தைக் கணக்கர் எழுதி வைத்தால் குழுவில் ஒத்துக்கொள்வோமா? இதுவும் அப்படித்தான். ஆனால் அதே ஏ.ஐ.யிடம், "விடை வேண்டாம், எனக்கு எந்த இடத்தில் தப்பு வந்தது என்று சொல்லு" என்று கேட்கிற பிள்ளையும் இருக்கிறது. கருவி ஒன்றுதான். கேட்கிற கேள்விதான் வேறே. அதுவும் சில நேரம் தப்பாகச் சொல்லும், புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மூணு, பாடம் என்று ஆரம்பித்து வேடிக்கையில் முடிவது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக வருகிறது. பெரியவங்க நமக்கே நிறுத்த முடியல, பிள்ளைகளை என்ன சொல்ல?

எழுதப் படிக்கத் தெரியாத அம்மா இதை எப்படிக் கண்டுபிடிப்பது? நான் கண்டுபிடித்த வழி ஒன்றே ஒன்று. "போனைக் கவுத்து வச்சிட்டு, பார்த்ததை எனக்குச் சொல்லு." அவ்வளவுதான். சின்னவள் பத்தாவது படிக்கும்போது இதயத்தைப் பற்றிய வீடியோ பார்த்தாள். போனைக் கவுத்து வைத்துவிட்டு, சாக்பீஸ் எடுத்துத் திண்ணையில் நாலு அறை வரைந்தாள். கெட்ட ரத்தம் எந்த வழியாக உள்ளே வருகிறது, நுரையீரலுக்குப் போய் எப்படி நல்ல ரத்தமாகத் திரும்புகிறது, வால்வு எதற்கு என்று சொன்னாள். என் மாமியாருக்கு வால்வுக் கோளாறு. இத்தனை வருஷம் மாத்திரை வாங்கிக் கொடுத்த எனக்கு, வால்வு என்றால் கதவு மாதிரி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாமியாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "என் கதவு சரியாச் சாத்தலை போல"ன்னு சிரித்தார். பிள்ளை சொல்லும்போது திக்கினால் பாடம் ஏறவில்லை என்று அர்த்தம். தடுமாறாமல் சொன்னால் ஏறிவிட்டது. இதைக் கேட்க நமக்குப் படிப்பு வேண்டாம், காது போதும், பத்து நிமிஷம் நேரம் போதும்.

சின்னவள் 2023-ல் பத்தாவதும், 2025-ல் பன்னிரண்டாவதும் பாஸ் பண்ணினாள். இப்போது அரசு கல்லூரியில் கணிதம் முதல் வருஷம். புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறது. எந்தக் கணக்கைப் பார்த்து அழுதாளோ, அதையே எடுத்துப் படிக்கிறாள். பெரியவன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்ததை வைத்துக்கொண்டான், அவ்வளவுதான். கொடுத்தவள் நான்.

இனி நம்ம கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் நாலு.

முதலாவது, எந்த வீட்டில் ஒரு போனும் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டும் இருக்கிறதோ, அங்கே போனுக்கு நேரம் பிரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போன் நேரம் மட்டும் பிரித்தால் போதாது, வீட்டு வேலையையும் பிரிக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற கைக்கு போன் எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் பேசி முடித்ததும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குவோம். தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு அந்தச் சதுரத்தை ஸ்கேன் பண்ணக் காட்டட்டும். 2023-ல் மணற்கேணி என்று இன்னொரு ஆப்பும் அரசு கொண்டுவந்திருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை பாடங்கள் வீடியோவாக இருக்கின்றன. அதையும் காட்டுவோம். கல்லூரிக்குப் போகிற நம்ம பிள்ளைகளையே சொல்லிக் கொடுக்க வைக்கலாம்.

மூணாவது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பங்கு பெண்கள். அந்தப் பெண்கள் பல ஊரில் நாமதான். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராமல், ஹைடெக் லேப் திறக்கிறார்களா, ஸ்மார்ட் வகுப்பறை டிவி ஓடுகிறதா, வீட்டில் போன் இல்லாத பிள்ளைக்கு அங்கே நேரம் கிடைக்கிறதா என்று கேட்போம். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்வோம்.

நாலாவது, பாதுகாப்பு. குழுப் பணம் வருகிற போனும் பிள்ளை கையில் இருக்கிற போனும் நம்மில் பலருக்கு ஒன்றுதான். பின் நம்பரைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். பணம் ஏமாந்து போனால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்கள். பிள்ளைக்கு யாராவது தொந்தரவு கொடுத்தால் 1098. படிப்பு பற்றிய சந்தேகத்துக்கு 14417. எல்லாவற்றுக்கும் மேலே, போனில் ஏதாவது தப்பு நடந்தால் பிள்ளை பயப்படாமல் முதலில் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். "போனைப் பிடுங்கிடுவேன், படிப்பை நிறுத்திடுவேன்"னு மிரட்டினா, முக்கியமாகப் பெண் பிள்ளை வாயே திறக்காது.

நாம் வாங்குகிற ஒவ்வொரு கடனுக்கும் குழுவில் ஒரு கேள்வி உண்டு, எதற்காக வாங்குகிறாய் என்று. படிப்புக்கு என்று சொல்லி ஒன்பதாயிரம் வாங்கினேன். யார் படிப்புக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. இனிமேல் போனுக்குக் கடன் கேட்டு யார் வந்தாலும், அந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். "வீட்ல பொம்பளப் புள்ள இருக்கா? அவளுக்கு எத்தனை மணி நேரம்?"

அன்றைக்கு என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால், என் மகள் ஒரு வருஷப் படிப்பை இழந்திருக்க மாட்டாள்.